ஏடுகளை இனம் பிரித்தல்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வலிமையை அதன் பங்குத் தொகை, சரக்கு இருப்பு, ஆண்டு இலாபம் ஆகியவற்றைக் கொண்டு அளவிடுவது வழக்கம். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்றும் உண்டு. அங்கத்தினர் ஒருவர் சங்கத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டால், அதற்குரிய ஏட்டை எத்தனை நிமிஷத்தில் எடுத்துக் காட்ட முடிகிறது என்பதே அது. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாம் முதலில் கவனிப்பதும் இதனைத்தான். கணக்கில் பிழையே இல்லாத சங்கங்கள் பலவற்றில்கூட, கேட்ட ஏடு கேட்டபோது கிடைப்பதில்லை. ஏடு இருக்கிறது; இருக்கும் இடந்தான் தெரிவதில்லை. தேடிக் கிடைக்காத ஏடு, தேவைப்பட்ட அந்நாளில் இல்லாத ஏட்டுக்கே சமம்.

நடுத்தரமான நெசவாளர் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கிய பட்டி, சாயக் கணக்கு, தறிவாரியான கூலிப் பதிவு, துணி இருப்புப் பதிவேடு, விற்பனை ரசீது, வங்கிக் கடிதம், அரசின் சுற்றறிக்கை, தள்ளுபடிக் கோரிக்கை, தணிக்கை அறிக்கை, வாரிசு நியமனப் பத்திரம் என்று நாள்தோறும் காகிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விவசாயிகளின் கடன் சங்கத்திலோ பயிர்க்கடன் மனு, நகைக்கடன் சீட்டு, உர இருப்பு, விதைக் கணக்கு, நியாயவிலைக் கடைப் பதிவு என்று மற்றொரு வரிசை. இவ்வளவையும் வந்த நாளின் வரிசைப்படி அடுக்கி வைத்தால் வைப்பவருக்கு வேலை எளிது, எடுப்பவருக்கோ பெருந்தொல்லை. ஆகவே ஒத்தவற்றை ஒன்று சேர்த்து, ஒவ்வாதவற்றை விலக்கி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைப்புத் தர வேண்டும். இதனையே இனப் பகுப்பு என்கிறோம். இதை எவ்வாறு செய்வது, செய்யும்போது எங்கெங்கே பிழை நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தேடுகிறவர் யார்?

இனப் பகுப்பில் முதற் கேள்வி, இக்காகிதம் எங்கிருந்து வந்தது என்பதன்று. இதனை நாளை யார், எதற்காகத் தேடி வருவார் என்பதே. பல சங்கங்களில் கட்டுகளின் மேல் ‘வந்த கடிதங்கள்’, ‘சென்ற கடிதங்கள்’, ‘மேலிடத்துக் கடிதங்கள்’, ‘பலவகை’ என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். இத்தலைப்புகள் எல்லாம் காகிதம் நடந்து வந்த வழியைக் கூறுகின்றனவேயன்றி, அதில் அடங்கிய பொருளைக் கூறவில்லை. நூல் விலை உயர்வைப் பற்றிய கடிதம் ஆலையிலிருந்து வந்தாலும், கைத்தறித் துறை அலுவலகத்திலிருந்து வந்தாலும், தேடுகிறவருக்கு அது நூலைப் பற்றிய கடிதமே.

இப்பிழையினால் வரும் துன்பம் சிறியதன்று. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், காலஞ்சென்ற நெசவாளர் ஒருவரின் மனைவியார், தம் கணவருடைய பங்குத் தொகையையும் சேமிப்புத் தொகையையும் கேட்டு நான்கு முறை வந்து திரும்பியிருந்தார். கணவர் தம் மனைவியின் பெயரை வாரிசாக எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த பத்திரம் சங்கத்திலேயே இருந்தது. ஆனால் அது வந்த ஆண்டின் ‘பலவகை’க் கட்டில், ஒரு திருமண அழைப்பிதழுக்கும் மின்சாரக் கட்டண ரசீதுக்கும் இடையே கிடந்தது. பத்திரம் அகப்படாமையால் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரும்படி அவரிடம் கூறியிருந்தார்கள். தறியில் அமர வேண்டிய நான்கு நாட்கள் அவருக்கு நடையிலேயே கழிந்தன. சங்கத்தில் எவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். பணமும் குறைவின்றி இருந்தது. குறைந்தது ஒன்றே: ‘அங்கத்தினர்’ என்னும் தலைப்பும், அதன்கீழ் ‘வாரிசு நியமனம்’ என்னும் உட்பிரிவும் அங்கு இல்லை.

கிராமக் கணக்கு காட்டும் வழி

ஒரே செய்தியைப் பலர் பலவிதமாகத் தேடி வந்தால் என் செய்வது என்னும் ஐயம் இங்கே எழும். இதற்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் விவசாய அன்பர்கள் நாள்தோறும் கையாளும் கிராமக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

கிராமத்தின் ‘அ’ பதிவேடு புல எண் வரிசையில் எழுதப்படுவது. இன்ன எண்ணுள்ள நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா. அதன் பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று கேட்பவருக்கு அது விடை தரும். சிட்டாவோ பட்டா எண் வரிசையில் எழுதப்படுவது. இன்னாருக்கு இக்கிராமத்தில் எந்தெந்தப் புலங்களில் எவ்வளவு நிலம் உண்டு என்று கேட்பவருக்கு அது விடை. அடங்கல், ஒவ்வொரு புலத்திலும் அந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் செய்யப்பட்டது என்பதைக் காட்டுவது. நிலம் ஒன்றே, கேள்விகள் மூன்று, ஆகவே ஏடுகளும் மூன்று. பயிர்க்கடன் மனுவோடு சிட்டாவையும் அடங்கலையும் நம் சங்கங்கள் கேட்பது இதனால்தான். நிலம் யாருடையது என்பதை ஒன்று சொல்லும். அதில் என்ன விளைகிறது என்பதை மற்றொன்று சொல்லும்.

இங்கு கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஏடு மூன்றானாலும் நிலத்தை மூன்று முறை அளந்து மூன்று எண்கள் தருவதில்லை. புல எண் ஒன்றே மூன்று ஏடுகளையும் கோக்கும் நூலாக நிற்கிறது. நம் சங்கத்திலும் இவ்வாறே செய்யலாம். காகிதம் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும்; அதற்கு வழிகாட்டும் குறிப்புகள் எத்தனை இடங்களிலும் இருக்கலாம். ஒரு நெசவாளர் தறி வாங்கப் பெற்ற கடனைப் பற்றிய பத்திரம் ‘கடன்’ என்னும் தலைப்பில் இருக்கட்டும். அவருடைய அங்கத்தினர் அட்டையில், ‘தறிக் கடன்: கடன் கட்டு, 14-ஆம் காகிதம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கடனைச் சொல்லிக் கேட்டாலும் காகிதம் கிடைக்கும். ஒரே பத்திரத்துக்கு இரண்டு நகல் எடுத்து இரண்டு கட்டுகளில் வைப்பது தவறு. நாளடைவில் ஒன்றில் திருத்தம் ஏறும், மற்றதில் ஏறாது. எது உண்மை என்று அறிய மூன்றாவதாக ஒரு சாட்சி தேவைப்படும்.

ஒரு மட்டத்தில் ஓர் அளவுகோல்

பகுப்பில் மிகுதியாக நேரும் பிழை, அளவுகோல்களைக் கலப்பது. ஒரு பண்டகசாலையில் துணி இருப்பை ‘பட்டுச் சேலை’, ‘பருத்திச் சேலை’, ‘தீபாவளிச் சரக்கு’, ‘பழைய சரக்கு’ என்று நான்காகப் பிரித்து எழுதியிருப்பதாகக் கொள்வோம். முதல் இரண்டும் துணி எதனால் ஆனது என்பதைக் கொண்டு பிரித்தவை. மூன்றாவது, எப்பொழுது விற்பதற்கு என்பதைக் கொண்டது. நான்காவது, எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்பதைக் கொண்டது. சென்ற தீபாவளிக்காக நெய்து விற்காமல் நின்ற பருத்திச் சேலை ஒன்று இந்நான்கில் மூன்று தலைப்புகளின்கீழ் வரத் தகுதி உடையது. ஒரு குமாஸ்தா அதனை ஓரிடத்தில் எழுதுவார். மற்றொருவர் வேறிடத்தில் எழுதுவார். இருவரும் எழுதினால் ஒரு சேலை இரண்டாகிவிடும். பதிவேட்டில் 180 சேலைகளும் அலமாரியில் 150 சேலைகளும் இருந்தால், குறைந்த 30 சேலைகளுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி உடனே எழும். களவு ஏதும் நடவாத இடத்தில் களவுப் பழி எழுவதற்கு இத்தகைய பகுப்பே காரணமாகலாம்.

சரியான முறை இதுவே. முதல் மட்டத்தில் ஓர் அளவுகோலை மட்டும் கொள்ள வேண்டும். அடுத்த மட்டத்துக்கு இறங்கும்போது வேறோர் அளவுகோலைக் கொள்ளலாம். முதலில் நூலின் வகை: பட்டு, பருத்தி, கலப்பு. அதன்கீழ் துணியின் வகை: சேலை, வேட்டி, துண்டு, போர்வை. அதன்கீழ் நெய்து வந்த ஆண்டும் மாதமும். தீபாவளிக்கு உரியது என்பதை ஒரு குறியால் காட்டலாம். அதற்கெனத் தனித் தலைப்பு வேண்டுவதில்லை.

மட்டங்கள் எத்தனை இருக்கலாம் என்று கேட்டால், மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது நம் கருத்து. திருக்குறள் 1330 பாக்களைக் கொண்டது. முப்பால் என்பது முதல் மட்டம்; அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 ஆக 133 அதிகாரங்கள் என்பது அடுத்த மட்டம்; அதிகாரத்துக்குப் பத்துப் பாக்கள் என்பது மூன்றாவது. எந்தக் குறளையும் எவரும் எளிதில் எடுத்துவிட முடிவதற்கு இவ்வமைப்பே துணை செய்கிறது. ஒரு சங்கத்தில் ஓராண்டில் சேரும் காகிதங்களுக்கும் இம்மூன்று மட்டங்கள் தாராளமாகப் போதும்.

ஐயத்துக்கு இடமான சரக்கு

எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் இரண்டிலும் சேரும் பொருள் ஒன்று வந்தே தீரும். அதற்குரிய விதியை முன்னதாகவே எழுதி வைக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சரக்கு மற்றும் சேவை வரி 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது முதல் நம் சங்கங்கள் விற்பனைப் பட்டியில் குறித்துவரும் எச்.எஸ்.என். எண். இவ்வெண்களைப் பலர் வெறும் இலக்கங்களாகக் கருதி மனப்பாடம் செய்கின்றனர். உண்மையில் அவை உலகச் சுங்க அமைப்பு வகுத்து, 1988 முதல் நாடுகள் பலவற்றில் வழங்கிவரும் ஒரு பெரிய இனப் பகுப்பின் அடையாளங்கள்.

அதன்படி நெசவுப் பொருள்கள் 50 முதல் 63 வரையுள்ள அத்தியாயங்களில் அடங்கும். 50 பட்டு, 51 கம்பளி, 52 பருத்தி. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், அடுத்த இரண்டும் அதனுள் பொருளின் நிலையையும் காட்டும். 5201 என்பது நூற்காத பஞ்சு. 5205 பருத்தி நூல் வகைகளுள் ஒன்று. 5208, 5209 ஆகியவை பருத்தித் துணி. இவ்விரண்டும் நூற்றுக்கு 85 பங்குக்குக் குறையாமல் பருத்தி உள்ள துணிகளே. சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை எடையுள்ளது முன்னதிலும், அதற்கு மேற்பட்டது பின்னதிலும் சேரும். பட்டுத் துணி 5007. விவசாயிகளுக்கும் இதே ஒழுங்குதான். 1006 என்பது நெல்லுக்கும் அரிசிக்கும் உரிய தலைப்பு. அதனுள் 1006 10 நெல், 1006 20 உமி மட்டும் நீக்கிய அரிசி, 1006 30 தீட்டிய அரிசி, 1006 40 குறுநொய். களத்திலிருந்து ஆலை வழியாக நெல் நடந்து செல்லும் வழியே எண்களின் வரிசையாக அமைந்திருக்கிறது.

பட்டும் பருத்தியும் கலந்த துணி எதில் சேரும்? எடையில் எது மிகுதியோ அதன் இனத்தில் சேரும் என்பது பொது விதி. இந்த விதி முன்னரே எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியே வழக்காட வேண்டியதில்லை. நம் சங்கத்துக்கும் இத்தகைய விதிகள் நாலைந்து தேவை. கடனும் கூலியும் ஒரே கடிதத்தில் வந்தால் எந்தக் கட்டு? பணம் சங்கத்துக்கு வர வேண்டியதாயின் ‘கடன்’. சங்கம் தர வேண்டியதாயின் ‘கூலி’. இவ்வாறு ஒரு முடிவு செய்து, அதனை ஓர் அட்டையில் எழுதிப் பீரோவின் உட்கதவில் ஒட்டிவிட வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும் பெரிய தீங்கில்லை; முடிவே இல்லாதிருப்பதுதான் தீங்கு.

சீர்காழி தந்த அறிஞர்

இனப் பகுப்பை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஒருவர் நம் நாட்டினர் என்பது நமக்குப் பெருமை. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, நூலகப் பயிற்சிக்காக லண்டன் சென்றார். அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறையே அந்நாளில் பெருவழக்காக இருந்தது. அது அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னதாகவே ஓர் அறையைக் கட்டி வைப்பது போன்றது. புதிய பொருள் வந்தால் அதற்கு அறை இராது.

லண்டன் கடையொன்றில் ரங்கநாதன் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார் என்பது நூலகத் துறையினர் நன்கு அறிந்த செய்தி. சில துண்டுகளையும் ஆணிகளையும் கொண்டு வேண்டிய உருவத்தை அமைத்துக்கொள்வது போல, சில அடிப்படைக் கூறுகளைக் கொண்டு எந்தப் பொருளுக்கும் இடம் அமைக்கலாம் என்பது அவர் கருத்து. முக்காற்புள்ளிக் குறியால் கூறுகளை இணைத்தமையால் ‘கோலன் பகுப்பு’ என்று பெயர் பெற்ற அம்முறை 1933-இல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன் 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் ஒன்று, படிப்பவரின் நேரம் வீணாகாமல் காப்பதைப் பற்றியது.

அவர் பின்னர் வகுத்த அடிப்படைக் கூறுகள் ஐந்து. அவற்றை நம் தொழிலுக்கு ஏற்ற எளிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம்: எப்பொருள்? எதனால் ஆனது? என்ன செயல்? எவ்விடம்? எக்காலம்? சாயம் போயிற்று என்று கிளைக் கடையிலிருந்து 2024-இல் திரும்பி வந்த 80-ஆம் நம்பர் பருத்திச் சேலைகளைப் பற்றிய கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருள், சேலை, ஆனது, பருத்தி நூலால், செயல், திருப்பி அனுப்புதல், இடம், கிளைக் கடை, காலம், 2024. கடிதத்தின் மேல்மூலையில் இவ்வைந்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், அதன் இடம் தானாகவே புலப்படும். காலம் இறுதியில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டை முதல் தலைப்பாகக் கொண்ட சங்கத்தில், சாயம் போகும் குறை மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது என்பதை எவரும் உணர முடியாது. மூன்று கடிதங்களும் மூன்று கட்டுகளில் உறங்கும். பொருளை முதலில் வைத்தால் மூன்றும் ஒருங்கே கண்ணில் படும். சாயக்காரரிடம் உரிய கேள்வியைக் கேட்க முடியும்.

ஏழு தலைப்புகள்

இனி நடைமுறைக்கு வருவோம். நெசவாளர் சங்கத்துக்கு ஏழு தலைப்புகள் போதும் என்று கருதுகிறோம். ஒன்று, அங்கத்தினர்: சேர்க்கை, பங்கு, சேமிப்பு, வாரிசு நியமனம். இரண்டு, நூலும் பிற மூலப்பொருளும்: நூல், சாயம், சரிகை. மூன்று, நெசவும் கூலியும்: பாவு கொடுத்தல், துணி பெறுதல், கூலி விகிதம். நான்கு, இருப்பும் விற்பனையும்: பண்டகசாலை, விலை, தள்ளுபடி விற்பனை, கண்காட்சி. ஐந்து, கடனும் உதவியும்: வங்கி, அரசு மானியம், தறிக் கடன். ஆறு, நிர்வாகம்: பொதுக்கூட்டம், தீர்மானம், தேர்தல், தணிக்கை. ஏழு, சொத்து: கட்டடம், தளவாடம், காப்பீடு.

விவசாயிகளின் சங்கத்தில் முதலாவதும் ஆறாவதும் ஏழாவதும் மாறா. இரண்டாவது, விதையும் உரமும் ஆகும், மூன்றாவது, பயிர்க்கடன், நான்காவது, நகைக்கடன் முதலிய பிற கடன்கள், ஐந்தாவது, விளைபொருளும் நியாயவிலைக் கடையும். சங்கத்தின் தொழிலுக்கு ஏற்ப ஒன்றிரண்டு மாறலாம். ஆனால் எண்ணிக்கை பத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. தலைப்புகள் முழுவதையும் ஒருவர் மனத்தில் கொள்ள இயலாவிட்டால், அவர் ஏட்டைத் தேடுவதற்கு முன் தலைப்பைத் தேட வேண்டி வரும்.

தலைப்பின் பெயர் அங்கத்தினர் பேசும் சொல்லாக இருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்த விரும்புகிறோம். ‘உற்பத்தி ஊக்க ஊதியக் கணக்கு’ என்று எழுதுவதைவிடக் ‘கூலி’ என்று எழுதுவது மேல். தலைப்பைப் படித்தவுடன் உள்ளே இருப்பது இன்னது என்று புதிதாகச் சேர்ந்த நெசவாளருக்கும் விளங்க வேண்டும்.

‘இதர’ என்னும் கட்டு

எந்தத் தலைப்பிலும் சேராத காகிதத்துக்கென ‘இதர’ என்று ஒரு கட்டு வைப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் அது தங்கும் சத்திரமாக இருக்கலாமேயன்றி, குடியிருக்கும் வீடாகக் கூடாது. மாதத்தின் இறுதி வேலை நாளில் அக்கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வகைக் காகிதம் மூன்று இருந்தால் அவற்றுக்குப் புதிய உட்பிரிவு ஒன்று தேவைப்படுகிறது என்று பொருள். தனித்து நிற்பவற்றை நெருங்கிய தலைப்பில் சேர்த்துவிட வேண்டும். இவ்வாறே, ஆண்டு முடிவில் ஓர் உட்பிரிவில் இரண்டு காகிதங்களுக்கு மேல் சேரவில்லையானால் அதனை அடுத்த உட்பிரிவோடு இணைத்துவிடலாம். தலைப்புகள் தொழிலோடு வளர வேண்டும். தொழில் மறைந்த பின்னும் தலைப்பு நிற்க வேண்டுவதில்லை. ஆனால் ஆண்டின் நடுவே மாற்றுவது குழப்பம் தரும். மாற்றங்களை ஏப்ரல் 1-ஆம் தேதி, புதிய கணக்காண்டோடு செய்வதே முறை.

விலைப் பட்டியும் அறிவிப்புப் பலகையும்

இதுவரை கூறியவை சங்கத்தின் உள் ஏடுகளைப் பற்றியவை. வெளியார்க்கு நாம் எழுதித் தருபவற்றுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அங்கு தேடுகிறவர் வேறு. ஆகவே தலைப்புகளும் வேறு.

நெசவாளருக்கு நூலின் நம்பர் முக்கியம். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் 40 இருக்கும். 80-ஆம் நம்பர் என்றால் 80 இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும், நெய்யும் நேரம் கூடும், கூலியும் வேறுபடும். ஆகவே கூலிப் பட்டியை நூல் நம்பர் வரிசையில் எழுதுவது பொருத்தமே. அதே வரிசையில் எழுதிய விலைப் பட்டியை வாங்க வருபவரிடம் நீட்டினால் அவர் திகைப்பார். அவர் கேட்பது சேலையா, வேட்டியா, துண்டா, போர்வையா என்பது. பிறகு, வீட்டில் உடுக்கவா, மணநாளுக்கா என்பது. அதன் பிறகு விலை. அவருக்குரிய பட்டி அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். நூல் நம்பரைக் கடைசிக் கட்டத்தில் குறித்தால் போதும், அறிந்தவர் பார்த்துக்கொள்வர். சங்கத்தின் சரக்கு எண் ஒன்று இரண்டு பட்டிகளிலும் இருந்தால், புல எண்ணைப் போல அது இரண்டையும் இணைத்து நிற்கும்.

அறிவிப்புப் பலகையின் நிலை பெரும்பாலான சங்கங்களில் இரங்கத்தக்கது. பழைய அறிவிப்பின்மேல் புதியது ஒட்டப்படுகிறது. கடன் மனுவுக்குரிய கடைசி நாள் ஓர் இரங்கற் செய்திக்கு அடியில் மறைகிறது. பலகையை மூன்று கட்டங்களாகக் கோடிட்டு, ‘இன்ன நாளுக்குள் செய்ய வேண்டியவை’, ‘இன்றைய விலையும் கூலியும்’, ‘அறிய வேண்டிய செய்திகள்’ என்று தலைப்பிட வேண்டும். முதற் கட்டத்தில் நாள் கழிந்த அறிவிப்பை அன்றே எடுத்துவிட வேண்டும். கடைசி நாளை அறியாமல் கடனை இழந்த விவசாயிக்கு, அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது என்று கூறுவது ஆறுதல் ஆகாது.

கணினி இருக்க இவையெல்லாம் எதற்கு?

இக்காலத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. சிட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்தின் வழியே பார்க்க முடிகிறது. சங்கக் கணக்குகளும் கணினியில் ஏறி வருகின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் கணினியே தேடித் தருமே என்பர். தரும், ஆனால் தட்டிய சொல் எழுதிய சொல்லாக இருக்க வேண்டும். ஒருவர் ‘சேலை’ என்று எழுதியிருப்பார். மற்றொருவர் ‘புடவை’ என்று எழுதியிருப்பார். மூன்றாமவர் ‘சாரி’ என்று எழுதியிருப்பார். ‘சேலை’ என்று தேடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மற்றவை இருப்பதையே அவர் அறியார். ஆகவே எச்சொல்லை வழங்குவது என்பதை முடிவு செய்து, ‘புடவை என்பதற்குச் சேலை என்பதைக் காண்க’ என்று எழுதிய பட்டியல் ஒன்று கணினிக்கும் வேண்டும். பீரோவில் ஒழுங்கு இல்லாத சங்கத்துக்குக் கணினி வந்தால், ஒழுங்கின்மை பீரோவிலிருந்து கணினிக்குக் குடியேறும், அவ்வளவே. ஏழு தலைப்புகளையும் அதே பெயரில், அதே எண்ணில் இரண்டிலும் வைத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும்.

தொடங்கும் முறை

பழைய கட்டுகள் அனைத்தையும் ஒரே நாளில் பிரிக்க முயல வேண்டாம். பாதியில் நின்றுவிட்டால் முன்னிருந்த வரிசையும் கெடும். நடப்பு ஆண்டின் காகிதங்களில் நூற்றை மட்டும் எடுத்து ஒரு மேசையில் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் படித்து, இதனைத் தேடி வருபவர் என்ன கேட்பார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். ஒத்த கேள்விகளை ஒன்று சேர்த்தால் தலைப்புகளும் உட்பிரிவுகளும் தாமே உருவாகும். பிறகு ஒரு சோதனை. பத்துக் காகிதங்களைக் காரியதரிசியிடமும், அதே பத்தைக் குமாஸ்தாவிடமும் தனித்தனியே தந்து, எதை எங்கே வைப்பார் என்று கேட்க வேண்டும். எட்டிலாவது இருவரும் ஒத்திருந்தால் பகுப்பு நன்று. இல்லையானால் பெயரிலோ விதியிலோ குறை உண்டு. அதனைத் திருத்திய பின் புதிய காகிதங்களைப் புதிய முறையில் வைத்துவர வேண்டும். பழையவற்றை, தேவை நேர்ந்து எடுக்கும்போதெல்லாம் உரிய இடத்தில் சேர்த்துவரலாம். வாரிசு நியமனப் பத்திரங்களை மட்டும் முதல் வாரத்திலேயே தேடி எடுத்து ஒன்று சேர்த்துவிட வேண்டும்; அவை காத்திருக்கத் தக்கவை அல்ல. பழங்காகிதம் எதனையும் பயனற்றது என்று தாமாகவே அழித்துவிடக் கூடாது. எதனை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதற்கு விதிகள் உண்டு. தணிக்கையும் முடிந்திருக்க வேண்டும்.

இவ்வேலை காரியதரிசி ஒருவருடையது மட்டும் என்று அங்கத்தினர் இருந்துவிடலாகாது. ஒருவருடைய நினைவில் மட்டும் வாழும் ஒழுங்கு, அவர் விடுப்பில் செல்லும் நாளில் தானும் விடுப்பில் சென்றுவிடும். தனியார் கடையில் ஏடு எங்கே இருக்கிறது என்பது முதலாளி ஒருவருக்குத் தெரிந்தால் போதும். கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் உரிமையாளர். தம் கணக்கைக் கேட்டுப் பார்க்க அவருக்குள்ள உரிமை, அந்தக் கணக்கு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் மெய்யான உரிமையாகும். அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர், தாம் எழுதித் தந்த வாரிசு நியமனப் பத்திரத்தைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்டுப் பார்க்கட்டும். ஐந்து நிமிஷத்தில் அது கைக்கு வந்தால் அந்தச் சங்கத்தின் ஊழியர்களைப் பாராட்ட வேண்டும். வராவிட்டால், தலைப்புகளின் பட்டியல் ஒன்றை வகுக்கும் பொருளை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு எழுதித் தர வேண்டும்.